4,999 ரூபாய்க்கு எத்தனை கிலோ சாமை? ஆன்லைன் கோர்ஸ் வாங்கும் முன் ஒரு மலைக்கணக்கு!

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ் மலையேறும்போது போனில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ஆனால், விளம்பரம் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. ‘வீட்டிலிருந்தே மாதம் ஒரு லட்சம்’, ‘உங்கள் ஊர்ப் பொருளை உலகம் முழுக்க விற்கலாம்’, ‘99 ரூபாய் மட்டுமே, இன்றிரவு 12 மணி வரைதான் இந்த ஆஃபர்’. சென்னையில் இருப்பவருக்கு இது தள்ளிவிட்டுப் போகும் ரீல்ஸ். ஜவ்வாது மலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அப்படி இல்லை. ‘உங்கள் ஊர்ப் பொருள்’ என்று சொல்லும்போது அவர் வீட்டு மூலையில் நிஜமாகவே ஒரு சாமை மூட்டை இருக்கிறது.

அப்படி ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொள்வோம். கீழே கல்லூரியில் டிகிரி முடித்துவிட்டு ஊர் திரும்பியவர். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் சாமை. கொல்லையில் புளியும் பலாவும் உண்டு. சீசனில் தேனும் கிடைக்கும். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். வியாபாரி வந்து மூட்டைக்குச் சொல்லும் விலைக்கும், நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் அரை கிலோ சாமை பாக்கெட்டின் மேல் ஒட்டியிருக்கும் விலைக்கும் நடுவில் உள்ள தூரம் அந்தப் பெண்ணின் கண்ணை உறுத்துகிறது. ஆன்லைனில் விற்றால் அந்தத் தூரத்தில் பாதியாவது வீட்டுக்கு வருமே என்ற ஆசை நியாயமான ஆசைதான்.

99 ரூபாய் கட்டி வெபினார் பார்த்தாயிற்று. இப்போது அடுத்த படி. ‘முழு கோர்ஸ் 4,999 ரூபாய்.’ அந்தப் பணம் அம்மாவின் குழுக் கடனிலிருந்துதான் வர வேண்டும்.

“அதுல என்னாம்மா சொல்லித் தராங்க?” என்று அம்மா கேட்டால், சட்டென்று பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியைத்தான் நாமும் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப் பார்க்கப் போகிறோம்.

வி.பி.பி-யிலிருந்து வெபினார் வரை

தொழில் ரகசியத்தைக் காசுக்கு விற்பது புதிதல்ல. சோப்பு, ஊதுபத்தி, மெழுகுவத்தி தயாரிக்கும் முறை அடங்கிய கையேட்டை வி.பி.பி-யில் தருவித்துப் படித்த தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தமிழ்வாணன் தொடங்கிய மணிமேகலைப் பிரசுரம் போன்ற பதிப்பகங்களின் சுயதொழில் புத்தகங்கள் பஸ் ஸ்டாண்டு கடை வரை வந்து விற்றன. அந்தப் புத்தகங்களில் ஒரு நேர்மை இருந்தது. விலை அட்டையில் இருக்கும். கடையிலேயே நாலு பக்கம் புரட்டிப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டு வரலாம். வாங்கிய பிறகு, ‘நிஜமான ரகசியம் அடுத்த புத்தகத்தில் இருக்கிறது, அதற்குப் பத்து மடங்கு விலை’ என்று யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

இன்றைய கோர்ஸ்களில் பலவற்றின் கட்டமைப்பே வேறு. 99 ரூபாய் வெபினார் என்பது பாடம் அல்ல, வாசல். விளம்பரத்துக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை அந்த 99 ரூபாயே ஈடுகட்டிவிடும். இரண்டு மணி நேரத்தில் முதல் மணி நேரம், பேசுபவர் எப்படிக் கஷ்டப்பட்டு மேலே வந்தார் என்ற கதை. அடுத்த அரை மணி நேரம், ஏற்கெனவே சேர்ந்தவர்களின் வெற்றிக் கதை. கடைசியில், ‘இப்போதே சேர்ந்தால் பாதி விலை’. அதற்குப் பிறகு வாட்ஸ்அப் குழு. கோர்ஸ் முடியும் நேரத்தில், ‘மென்டர்ஷிப்’ என்ற பெயரில் இன்னும் பெரிய தொகை. ஒவ்வொரு படியிலும் மனதில் ஓடுவது ஒன்றுதான்: ‘இவ்வளவு கட்டிவிட்டோம், இதையும் கட்டினால் தெரிந்துவிடும்.’

இந்தப் படிக்கட்டு எவ்வளவு உயரம் போகும் என்பதற்கு, கடல் கடந்து ஒரு வழக்கு இருக்கிறது. ‘மை ஆன்லைன் பிசினஸ் எஜுகேஷன்’ என்ற பெயரில், ஆன்லைன் தொழில் கற்றுத்தருவதாக ஒரு நிறுவனம் நடந்தது. நுழைவுக் கட்டணம் 49 டாலர்தான். 21 படிகளில் பணம் சம்பாதிக்கும் வழி என்றார்கள். உள்ளே போனவர்களிடம் ஆயிரக்கணக்கான டாலர் உறுப்பினர் கட்டணங்களை ஒன்றன் மேல் ஒன்றாக விற்றார்கள். அப்படிக் கற்றுத்தந்த ‘தொழில்’ என்ன தெரியுமா? அதே உறுப்பினர் திட்டத்தை இன்னொருவருக்கு விற்பது! 2018-ல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் வழக்குத் தொடுத்தது. 12.5 கோடி டாலருக்கு மேல் மக்கள் இழந்திருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022-ல் அவர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது சுமார் 2.3 கோடி டாலர். அதாவது, போனதில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அதுவும் நான்கு வருடம் கழித்து!

வாத்தியார் எதில் சம்பாதிக்கிறார்?

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. பங்குச் சந்தை சம்பந்தப்பட்டது என்றாலும், பாடம் எல்லா கோர்ஸுக்கும் பொருந்தும். ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் ஒருவர் பங்கு வர்த்தக வகுப்புகளை விற்றுவந்தார். ‘கல்வி’ என்ற பெயரில் பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை தந்தார் என்று சொல்லி, 2023 அக்டோபரில் செபி அமைப்பு இடைக்கால உத்தரவு போட்டது. வகுப்புகள் மூலம் திரட்டிய 17.2 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் கட்டச் சொன்னது. அந்த உத்தரவில் இன்னொரு விவரமும் இருந்தது. 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வர்த்தகத்தில் நிகர நஷ்டம் 2.89 கோடி ரூபாய்.

கற்றுத்தந்த தொழிலில் நஷ்டம். கற்றுத்தருவதே தொழிலானதில் லாபம். ஒரு கோர்ஸை வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வியை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன. இவர் வருமானம் எதிலிருந்து வருகிறது? ஆன்லைனில் உணவுப் பொருள் விற்கக் கற்றுத்தருகிறார் என்றால், அவருடைய பொருள் எந்தத் தளத்தில், என்ன பெயரில் விற்கிறது? அதை நாம் ஒரு பாக்கெட் வாங்கிப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் அந்த ஒரு பாக்கெட்டே பாதிப் பாடம். பேக்கிங் எப்படி, லேபிளில் என்ன இருக்கிறது, எத்தனை நாளில் வந்தது, உடைந்து வந்தால் என்ன பதில் தருகிறார்கள்? எல்லாம் தெரிந்துவிடும்.

எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல வியாபாரி நல்ல வாத்தியாராக இல்லாமல் போகலாம். வியாபாரம் செய்யாத ஒருவர் அருமையாகப் பாடம் நடத்தலாம். ஆனால், ‘நான் சம்பாதித்தேன், நீங்களும் சம்பாதிக்கலாம்’ என்பதுதான் விளம்பரம் என்றால், முதல் பாதியை நிரூபிக்கச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சாமையில் ஒரு கணக்கு

இனி மலைக்கணக்கு. 4,999 ரூபாயை ரூபாயாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது; ‘ஐயாயிரத்துக்குள்தானே’ என்று தோன்றும். அதையே சாமையில் பார்க்கலாம்.

எல்லாச் செலவும் போக, ஒரு கிலோ சாமை அரிசிக்குக் கையில் 40 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் என்றால் உமி நீக்கும் கூலி, கல் பொறுக்கும் கூலி, கவர், லேபிள், கூரியர் எல்லாம்தான். அப்படியானால், 4,999 ரூபாயைத் திரும்ப எடுக்க 125 கிலோ விற்க வேண்டும். சாமையை அரிசியாக்கும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உமி, தவிடு, குருணையாகப் போய்விடும். எனவே, 125 கிலோ அரிசிக்குச் சுமார் 190 கிலோ தானியம் வேண்டும். அரை கிலோ பாக்கெட் என்றால் 250 பாக்கெட். 250 முறை கவர் ஒட்டி, முகவரி எழுதி, கூரியருக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த 250 பாக்கெட் விற்கும் வரை அந்தப் பெண் உழைப்பது தனக்காக இல்லை, கோர்ஸுக்காக. இதைத் தெரிந்துகொண்டும், ‘சரி, இந்தக் கோர்ஸ் இல்லாமல் அந்த 250 பாக்கெட்டையே விற்க முடியாது’ என்று நிச்சயமாகத் தோன்றினால் வாங்கலாம். தப்பே இல்லை. தோன்றவில்லை என்றால், முதலில் 25 பாக்கெட்டை விற்றுப் பார்ப்பதுதான் மலிவான வழி.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. குழுக் கடனில் எடுத்த ஐயாயிரத்தை எப்பாடுபட்டாவது அடைத்துவிடலாம். ஆனால், அது வீணாய்ப் போனால், அடுத்த முறை உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றுக்கு அந்தப் பெண் வீட்டில் வாய் திறக்க முடியாது. ‘போன தடவையும் இப்படித்தானே சொன்ன...’ என்ற ஒரு வரி போதும். முதல் முதலீட்டில் வைக்கப்படுவது பணம் மட்டுமல்ல, வீட்டின் நம்பிக்கையும்தான். விளம்பரத்தில் அந்த விலை போடப்படுவதில்லை.

காசு கொடுக்காமலே கிடைப்பவை

அந்த 4,999 ரூபாய் கோர்ஸின் பாடத்திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: தொழிலைப் பதிவு செய்வது, உணவு உரிமம், ஜி.எஸ்.டி, பேக்கிங், தளங்களில் கணக்குத் தொடங்குவது, சமூக வலைதள விளம்பரம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிறு தொழிலைப் பதிவுசெய்யும் உத்யம் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நாமே செய்யலாம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, இதற்கே கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் இருக்கின்றன. முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்பதைப் பார்த்தால் போதும். உணவுப் பொருள் விற்கத் தேவையான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவுக்கு, சிறிய அளவில் செய்பவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். அதையும் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

ஜி.எஸ்.டி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பழைய கோர்ஸ்கள் காலை வாரும் இடம் இதுதான். ஆன்லைன் தளங்களில் ஒரே ஒரு பாக்கெட் விற்றாலும் ஜி.எஸ்.டி எண் கட்டாயம் என்பது முன்பிருந்த விதி. 2023 அக்டோபர் 1 முதல் அது தளர்ந்தது. விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்பதாக இருந்தால், ஜி.எஸ்.டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு விற்கலாம். தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். ஆனால், ஜி.எஸ்.டி உள்ள ஒரு பொருளை பெங்களூருக்கு அனுப்பினால் கதை வேறு. மாநிலம் தாண்டிவிட்டால் பதிவு தேவை. 2022-ல் ரெக்கார்டு செய்த வீடியோவை இன்றைக்கு 4,999 ரூபாய் கொடுத்து வாங்கினால், காலாவதியான விதியைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்வதாகத்தான் ஆகும். மருந்துக்கு மட்டுமல்ல, தகவலுக்கும் எக்ஸ்பைரி தேதி உண்டு.

கைத்தொழில் பயிற்சிக்கும் வழி இருக்கிறது. வங்கிகள் மாவட்ட அளவில் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில், கிராமப்புற இளைஞர்களுக்குப் பயிற்சியோடு தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. சாமைக்கு ரகம் உருவாக்கும் இடத்தைவிட, சாமையைப் பற்றிக் கேட்க வேறு நல்ல இடம் எது?

மலையிலேயே முன்மாதிரியும் இருக்கிறது. மலைவாழ் விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் சாமை, தேன், புளி போன்றவற்றை விற்றுவருகிறது. எந்தக் கவரில் போட்டால் வண்டு வரவில்லை, எந்த மில்லில் குருணை குறைவு, எந்த மாதம் ஆர்டர் படுக்கும் என்பதெல்லாம் எந்த இ-புக்கிலும் இருக்காது. அங்கே ஒரு மதியம் உட்கார்ந்து பேசினால் கிடைக்கும். ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடக்கும் நாள்களில் கீழேயிருந்து வரும் கூட்டத்திடம் பத்து பாக்கெட் விற்றுப் பார்ப்பதும் ஒரு பாடம்தான். வாங்குபவர் முதலில் என்ன கேட்கிறார்? ‘இதை எப்படிச் சமைக்கணும்?’ என்று கேட்டால், பாக்கெட்டின் பின்பக்கம் எழுத வேண்டியது என்னவென்று தெரிந்துவிடும்.

அப்படியானால், எதற்குக் காசு கொடுக்கலாம்?

இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தமல்ல. பத்து வீடியோ பார்த்தால் பத்து விதமாகச் சொல்கிறார்கள். எது முதலில், எது அடுத்து என்று புரியாமல் இரண்டு மாதம் ஓடிவிடும். சிக்னல் தேடி மேட்டுக்கு நடந்து போய் வீடியோ பார்ப்பவருக்கு அந்த இரண்டு மாதம் சும்மா வரவில்லை. அரசுத் தளங்களின் மொழியும் சில நேரம் மிரட்டும். அதனால், காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை நிச்சயம் உண்டு.

தையல் வகுப்பை நினைத்துப் பாருங்கள். தையல் கற்கப் பணம் கட்டுவதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. ஏன்? நாம் வெட்டிய துணியை டீச்சர் கையில் எடுத்துப் பார்த்து, ‘கழுத்து இறங்கிப்போச்சு, பிரிச்சுத் தை’ என்று சொல்கிறார். அங்கே நாம் வாங்குவது தகவலை அல்ல, திருத்தத்தை. அதேபோல, உங்கள் லேபிளைப் பார்த்து இது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்பவர், உங்கள் விலைக் கணக்கை வாங்கிப் பார்த்துக் கூரியர் செலவைக் காட்டிக்கொடுப்பவர், நீங்கள் எடுத்த போட்டோவைத் திருத்தச் சொல்பவர் ஆகியோருக்குக் கொடுக்கும் காசு வீண் அல்ல. மெஷினைத் தொட்டுப் பார்த்துச் செய்யும் நேரடிப் பயிற்சியும் அப்படித்தான். தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை நடத்தும் குறுகிய கட்டணப் பயிற்சிகளையும் விசாரித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ரெக்கார்டு செய்த வீடியோக்கள் மட்டும், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்றால், அது புத்தகத்துக்குச் சமம். புத்தகத்தின் விலைதான் அதற்கு நியாயம்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. எனக்குத் தெரியாதது என்ன என்பதை ஒரே வரியில் எழுத முடிகிறதா? ‘ஆன்லைன் பிசினஸ் கத்துக்கணும்’ என்பது கேள்வி அல்ல. ‘தேன் பாட்டிலை உடையாமல் அனுப்புவது எப்படி?’ என்பது கேள்வி. கேள்வி எழுத வரவில்லை என்றால், இன்னும் கோர்ஸ் வாங்கும் நேரம் வரவில்லை.

2. அந்தக் கேள்விக்கு ஒரு வாரம் இலவசமாகத் தேடினேனா? இரண்டு பேரிடமாவது நேரில் கேட்டேனா?

3. கோர்ஸ் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது? சந்தேகம் கேட்டால் யார், எத்தனை நாளில் பதில் சொல்வார்?

4. அவர்கள் காட்டும் வெற்றியாளரிடம் அல்ல, நாமே தேடிக் கண்டுபிடித்த ஒரு பழைய மாணவரிடம் பேசினோமா?

5. பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனை எழுத்தில் இருக்கிறதா? பில் தருகிறார்களா?

ஐந்தாவது கேள்வியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ‘இன்னும் 15 நிமிடம்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதை, ஏமாற்றும் வடிவமைப்புகளில் ஒன்றாகவே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டுதலில் பட்டியலிட்டிருக்கிறது. நாளைக்கும் அதே ஆஃபர் இருக்கிறதா என்று ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். பல நேரம் இருக்கும்! ஏமாந்துவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரக் கட்டணம் கிடையாது. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். இதற்கெல்லாம் கையில் பில்லும், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும் இருக்க வேண்டும்.

இனி அந்தப் பெண் என்ன செய்யலாம்? கோர்ஸை வாங்கலாமா, வேண்டாமா என்பதை இன்றிரவு 12 மணிக்குள் முடிவுசெய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 4,999 ரூபாயில் ஆயிரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 100 ரூபாய் உணவுப் பதிவுக்கு. மிச்சம் கவருக்கும் லேபிளுக்கும் முதல் சில கூரியருக்கும். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று 25 பாக்கெட் அனுப்பலாம். அதில் நாலு பேர் குறை சொல்வார்கள். ஆறு பேர் மறுபடி கேட்பார்கள். சிலர் பதிலே போட மாட்டார்கள். அந்தக் குறைகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினால், தனக்கு எது தெரியவில்லை என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அப்போதும் ஒரு கோர்ஸ் தேவைப்படலாம். ஆனால், அதற்கான பணம் குழுக் கடனிலிருந்து அல்ல, சாமை விற்ற காசிலிருந்து வரும். “அதுல என்னாம்மா சொல்லித் தராங்க?” என்ற கேள்விக்கும் அந்த நோட்டே பதில் வைத்திருக்கும்.